ஐடி போடுவது கடைசி வேலை: அழகுப்பொருள் நெட்வொர்க் நிறுவனத்தில் சேரவும் மாறவும் முழுமையான வழிகாட்டி

கன்னியாகுமரி மாவட்டத்தில், தக்கலைக்குப் பக்கத்து ஊரில் பதினொரு வருடமாக முகக் கிரீம், ஷாம்பு, லிப்ஸ்டிக் விற்று வருகிறேன். முதல் ஏழு வருடம் ஒரு நெட்வொர்க் நிறுவனத்தில் (நாமே நேரில் விற்று, நமக்குக் கீழே சேர்பவர்களின் விற்பனைக்கும் கமிஷன் வாங்கும் முறை), இப்போது வேறொன்றில். எனக்குக் கீழே சேர்ந்தவர்களையும், வேறு இடத்தில் சேர்ந்து மாட்டிக்கொண்டு என்னிடம் வழி கேட்டு வந்தவர்களையும் பார்த்ததில், எல்லோரும் தடுமாறிய இடம் ஒன்றுதான். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்திருந்தார்கள்.

"மைனி, ஒரு ஐடி மட்டும் போடுங்க, மீதியை நான் பாத்துக்கிடுதேன்" என்று தெரிந்த பெண் வந்து நிற்பாள். ஐடி என்றால் நிறுவனத்தின் உறுப்பினர் எண். மறுக்க மனம் வராது. ஆதார், பான் படங்கள் வாட்ஸ்அப்பில் போய்விடும். மறுநாள் ஆறாயிரம் ரூபாய்க்குப் பெட்டி வந்து இறங்கும். யாருக்கு விற்பது என்ற கேள்வி அதற்கு அப்புறம்தான் வரும்.

கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். புதிதாகச் சேர்பவர்கள் 1 முதல் 8 வரை செய்யுங்கள். ஏற்கெனவே ஒரு நிறுவனத்தில் இருந்துகொண்டு மாற நினைப்பவர்கள் 9இல் தொடங்கி, அதை முடித்த பிறகு 1க்கு வாருங்கள். 10ம் 11ம் எல்லோருக்கும் பொது.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

உங்கள் பெயரிலேயே ஒரு செல்போன் எண், உங்களுக்கு மட்டும் கடவுச்சொல் தெரிந்த மின்னஞ்சல், பான், ஆதார், வங்கிக் கணக்கு. இவற்றில் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

நம் மாவட்டத்தில் அதிகம் சிக்குவது இங்கேதான். பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும். ஆதாரில் இனிஷியல் மட்டும் இருக்கும். கல்யாணத்துக்குப் பிறகு தொடங்கிய பாஸ்புக்கில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். இந்த மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் சேரும்போது யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முதல் கமிஷன் வரும் மாதத்தில் பணம் நின்றுவிடும். திருத்த வேண்டியதைச் சேருவதற்கு முன்பே இ-சேவை மையத்திலும் வங்கியிலும் திருத்திவிடுங்கள்.

பணம் என்று பார்த்தால் மூவாயிரம், நான்காயிரம் போதும். அது உங்கள் கையிருப்பாக இருக்க வேண்டும். குழுக் கடன் எடுத்தோ நகையை அடகு வைத்தோ இதில் இறங்காதீர்கள். குழுத் தவணை வாரா வாரமோ மாதா மாதமோ வந்து நிற்கும். கிரீம் விற்ற காசு அந்தத் தேதிக்குக் கைக்கு வராது.

2. இருபது பேர் நோட்டு

நிறுவனத்தின் பெயரை முடிவு செய்யும் முன் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒரு பக்கத்துக்கு ஒருவர் என்று இருபது பெயர் எழுதுங்கள். இப்போது என்ன சோப்பு, என்ன ஷாம்பு, என்ன கிரீம் வாங்குகிறார், எங்கே வாங்குகிறார், மாதம் எவ்வளவு செலவழிக்கிறார் என்று கேட்டுக் குறியுங்கள். "நான் ஒன்றும் விற்கவில்லை, விசாரிக்கிறேன்" என்று சொல்லியே கேட்கலாம்.

என்னுடைய பழைய நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: "டீச்சர், திங்கள்சந்தை. தலைக்கு வீட்டுத் தேங்காய் எண்ணெய்தான். முகத்துக்கு மெடிக்கலில் வாங்கும் சன்ஸ்கிரீன், 2 மாதத்துக்கு ஒன்று. லிப்ஸ்டிக் போடுவதில்லை. மகளுக்குக் கல்யாணம் தையில்." இந்த நான்கு வரியிலிருந்து, அவரிடம் எண்ணெயும் லிப்ஸ்டிக்கும் எடுத்துப் போவது வீண், சன்ஸ்கிரீன் பேசலாம், மார்கழிக் கடைசியில் மணப்பெண் பொருள் பேசலாம் என்று தெரிந்துவிடுகிறது.

இதை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இருபது பெயர் எழுத முடியவில்லை, அல்லது எழுதிய இருபதும் தங்கை, சித்தி, நாத்தனார் என்றே இருக்கிறது என்றால் உங்களுக்கு இப்போது வாடிக்கையாளர்கள் இல்லை. சொந்தக்காரர்கள் முதல் மாதம் உங்களுக்காக வாங்குவார்கள். இரண்டாவது மாதம் தேவை இருந்தால்தான் வாங்குவார்கள்.

3. நிறுவனத்தைச் சோதிப்பது

மீட்டிங்கில் காட்டும் காரையும் வெளிநாட்டுப் பயணப் படத்தையும் விட்டுவிடுங்கள். 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகள் என்ன கேட்கின்றனவோ, அதை நீங்களும் கேளுங்கள்.

இந்தியாவில் பதிவான நிறுவனமாக, இங்கே நேரில் போய் நிற்கக்கூடிய அலுவலகம் உள்ளதாக இருக்க வேண்டும். இணையதளத்தில் பதிவு முகவரி, வாடிக்கையாளர் சேவை எண், குறைதீர் அலுவலரின் விவரம் எல்லாம் வெளியே தெரிய வேண்டும். விற்பவரோடு எழுத்து ஒப்பந்தம் போட்டு அடையாள அட்டை தர வேண்டும். வாங்கியவர் புகார் கொடுத்தால் 48 வேலை மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்க்கப் பார்க்க வேண்டும்.

சேவை எண்ணுக்கு நீங்களே ஒருமுறை போன் போட்டுப் பாருங்கள். தமிழில் பேச ஆள் இருக்கிறாரா, பொருளைத் திருப்பி அனுப்ப என்ன வழி என்று கேட்டால் தெளிவாகச் சொல்கிறாரா என்பதை வைத்தே பாதி தெரிந்துவிடும்.

அடுத்து ஒரே ஒரு கேள்வி: ஆள் சேர்த்ததற்கே பணமா, பொருள் விற்றதற்குப் பணமா? ஆள் சேர்த்தால் இவ்வளவு ரூபாய் என்று இருந்தால் அது பிரமிடு திட்டம். அந்த விதிகளே அதைத் தடுக்கின்றன. 1978ஆம் ஆண்டின் பரிசுச் சீட்டு, பணச்சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டமும் இருக்கிறது. அந்தத் திட்டத்தில் ஆள் சேர்த்துவிட்டவர் மீதும் வழக்கு வரலாம். "எனக்குத் தெரியாது, அக்கா சொன்னார்கள்" என்பது அங்கே எடுபடாது.

சேர்க்கைக் கட்டணம் கேட்டாலும் நின்று யோசியுங்கள். மத்திய அரசு 2016இல் கொடுத்த நேரடி விற்பனை வழிகாட்டுதலே சேரக் கட்டணம் கூடாது, செயல்விளக்கப் பொருளுக்குக் காசு வாங்கக் கூடாது என்றுதான் சொன்னது. இப்போது கட்டணம் என்று சொல்லாமல் "ஜாயினிங் பேக்" என்று பொருளாகக் கட்டிக் கொடுக்கிறார்கள். அந்தப் பேக்கை வாங்காமல் சேர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பெயர்தான் மாறியிருக்கிறது.

4. பொருளைச் சோதிப்பது

சேரும் முன் அந்த நிறுவனத்தின் மூன்று பொருட்களைச் சாதாரண வாடிக்கையாளராக, பில்லோடு வாங்குங்கள். வீட்டில் ஒரு மாதம் பயன்படுத்துங்கள். முழங்கையின் உட்பக்கத்தில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்த்த பிறகுதான் முகத்துக்குப் போக வேண்டும். பின்னால் வாடிக்கையாளரிடமும் இதையே செய்யச் சொல்லப் போகிறீர்கள்.

லேபிளில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், உற்பத்தி உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி, அளவு, சேர்மானங்கள், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவர் பெயரும் பதிவுச் சான்று எண்ணும் இருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளும், பொட்டலப் பொருட்களுக்கான விதிகளும் கேட்பவை இவை.

சிவப்பழகுக் கிரீம் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. கேரள அரசு 2023இல் ஆபரேஷன் சௌந்தர்யா என்ற பெயரில் கடைகளில் சோதனை தொடங்கியது. பாதரசம் கலந்த அழகுப்பொருட்கள் பிடிபட்டன. மலப்புரம் பக்கம் இப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்ததை மருத்துவர்கள் கண்டுபிடித்து எழுதினார்கள். நமக்கும் அவர்களுக்கும் இடையே களியக்காவிளைச் சோதனைச்சாவடிதான். வெளிநாட்டு எழுத்து மட்டும் உள்ள, இறக்குமதியாளர் பெயர் இல்லாத டப்பா எந்த அப்லைன் (நிறுவனத்தில் உங்களுக்கு மேலே இருப்பவர்) கொடுத்தாலும் கையில் வாங்காதீர்கள். ஒரு வாரத்தில் முகம் வெளுக்கிறது என்றால் சந்தோஷப்பட வேண்டாம், பயப்பட வேண்டும்.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தையும் மறக்காதீர்கள். ஓட்டு வீட்டில், தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் சித்திரையில் லிப்ஸ்டிக் வியர்த்து வளைந்துவிடும். ஆனி மழையில் அட்டைப் பெட்டி பூசணம் பிடிக்கும். பெட்டி பூத்துவிட்டால் உள்ளே இருப்பது நன்றாக இருந்தாலும் நிறுவனம் திருப்பி எடுக்காது.

5. ப்ளானை ரூபாயில் எழுதிப் பார்ப்பது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ப்ளான் (கமிஷன் கணக்கிடும் திட்டம்) காட்டுபவர் புள்ளியிலும் (வாங்கும் பொருளுக்கு நிறுவனம் போடும் மதிப்பெண்) சதவீதத்திலும் பேசுவார். நீங்கள் அதை ரூபாயாக மாற்றி நோட்டில் எழுதுங்கள்.

முதல் குழப்பம் சொல்லிலேயே இருக்கிறது. புள்ளிக்கும் "பிவி" என்கிறோம், கமிஷன் கணக்கிடும் ரூபாய் மதிப்புக்கும் "பிவி" என்கிறோம். இரண்டும் இங்கிலீஷில் வேறு எழுத்து: PV, BV. நம் வாயில் ஒரே சத்தம். "நீங்கள் சொல்வது பாயிண்ட்டா, ரூபாயா?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். ஆக்டிவாக (கமிஷன் பெறும் தகுதியோடு) இருக்க மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு உறுப்பினர் விலையில் வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டை விலை 3,750. எல்லாம் விற்றால் 750 ரூபாய் லாபம். பஸ், பெட்ரோல், கூரியர் 200, கேட்லாக்கும் சாம்பிளும் 150 என்றால் கையில் நிற்பது 400. பாதிதான் விற்றது என்றால் லாபம் 375. செலவு போக 25 ரூபாய். மீதி 1,500 ரூபாய்ச் சரக்கு அலமாரியில் இருக்கும்.

இப்போது உங்களுக்குக் கீழே ஆறு பேர், ஆளுக்கு மூவாயிரம் ரூபாய் வாங்குகிறார்கள். உங்களுடையதும் சேர்த்து 21,000. "ஐந்து சதவீதம் கமிஷன்" என்றால் 1,050 வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கமிஷனோ விலைக்குக் கிடைப்பதில்லை. நிறுவனம் ஒவ்வொரு பொருளுக்கும் வைத்திருக்கும் கமிஷன் மதிப்புக்குக் கிடைக்கிறது. அது விலையில் பாதி என்றால் 10,500க்கு ஐந்து சதவீதம், அதாவது 525 ரூபாய். அதற்கு மேல், வித்தியாச முறைப் ப்ளானாக (உங்கள் சதவீதத்துக்கும் கீழே இருப்பவரின் சதவீதத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் தருவது) இருந்து, கீழே இருப்பவரும் அதே ஐந்து சதவீதப் படிக்கு வந்துவிட்டால் அவருடைய விற்பனைக்கு உங்களுக்கு வருவது பூஜ்யம்.

வலது, இடது என்று இரண்டு கால் (கீழே சேர்பவர்களின் இரண்டு வரிசை) உள்ள ப்ளான்களில் இன்னொன்று நடக்கும். "உங்களுக்குக் கீழே ஏற்கெனவே ஆள் விழுந்துகிட்டே இருக்கு, சீக்கிரம் வாங்க" என்பார்கள். மேலே இருப்பவர் ஒரு பக்கத்தை நிரப்புவது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பணம் சிறிய பக்கத்தை வைத்துத்தான் கணக்காகும். அந்தச் சிறிய பக்கம் முழுக்க உங்கள் வேலை.

இந்தக் கணக்கை ஆள் சேர்க்காமலேயே ஒருமுறை போடுங்கள். விற்பனை லாபம் மட்டும் உங்கள் நேரத்துக்குக் கட்டுப்படியாகிறதா? ஆகவில்லை என்றால், கீழே வருகிறவருக்கும் ஆகாது. அவர் மூன்று மாதத்தில் நிற்பார். நீங்கள் மறுபடி ஆள் தேடுவீர்கள்.

6. ஒப்பந்தத்தில் தேட வேண்டிய ஐந்து இடங்கள்

ஒப்பந்தம் பெரும்பாலும் இங்கிலீஷில், போன் திரையில், "ஒப்புக்கொள்கிறேன்" என்ற கட்டத்துக்கு மேலே சின்ன எழுத்தில் இருக்கும். அதை இறக்கி, பிரவுசிங் சென்டரில் காகிதத்தில் எடுங்கள். படித்த பிள்ளைகள் யாரையாவது பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

மறுயோசனைக் காலம் எத்தனை நாள் என்று முதலில் பாருங்கள். ஒப்பந்தம் போட்ட பிறகு அபராதம் இல்லாமல் ரத்து செய்ய உங்களுக்குள்ள அவகாசம் அது. நிறுவனத்துக்கு நிறுவனம் நாள் மாறும். இரண்டாவது, விற்காத சரக்கைத் திருப்பி எடுக்கும் விதி: எத்தனை நாளுக்குள், எத்தனை சதவீதம் பிடித்துக்கொண்டு, கூரியர் செலவு யாருடையது, அந்தச் சரக்குக்குக் கொடுத்த கமிஷனைத் திரும்பப் பிடிப்பார்களா. மூன்றாவது, எத்தனை மாதம் வாங்காவிட்டால் ஐடி போய்விடும்.

நான்காவது, ஸ்பான்சர் (உங்களைச் சேர்த்துவிட்டவர்) மாற்றம். பெரும்பாலான நிறுவனங்களில் நேரடியாக மாற்ற முடியாது. ராஜினாமா செய்து, குறிப்பிட்ட மாதங்கள் சும்மா இருந்து, பிறகுதான் வேறொருவருக்குக் கீழே வர முடியும். ஐந்தாவது, வேறு நிறுவனத்துப் பொருளை விற்கலாமா, உங்கள் குழுவில் உள்ளவரை வேறு நிறுவனத்துக்கு அழைக்கலாமா என்பது. பின்னால் மாறும்போது உயிர்நாடி இந்த விதிதான். கணவன் மனைவி இருவரையும் ஒரே கணக்காக எடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அதனால் "என் பேரில் முடியாட்டி வீட்டுக்காரர் பேரில் போடு" என்ற யோசனை இரண்டு ஐடியையும் சேர்த்து முடக்கிவிடும்.

ஐந்தையும் நோட்டில் தமிழில் ஒரு பக்கமாக எழுதிக்கொள்ளுங்கள்.

7. ஸ்பான்சர், அதற்குப் பிறகு ஐடி

முதலில் கேட்டவர், ஒரே கோயில், ஒரே அன்பியம் (பங்கின் ஜெபக் குழு), கணவரின் பெரியம்மா மகள் என்பதெல்லாம் ஸ்பான்சராகப் போதுமான காரணம் இல்லை. அந்தக் கட்டை அவிழ்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று மேலே பார்த்தோம். உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கிறாரா? கடந்த மூன்று மாதம் அவர் வெளியாளுக்கு விற்ற பில்லைக் காட்டுவாரா? அவருக்குக் கீழே சேர்ந்து நின்றுவிட்ட ஒருவரிடம் பேச விடுவாரா? கமிஷன் பட்டியலைக் காட்டத் தயங்குவது இயல்பு. விற்ற பில்லைக் காட்டத் தயங்கினால் விற்பனை இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது ஐடி போடலாம். உங்கள் போனில், நீங்களே. கருங்கல் பக்கம் ஒரு பெண்ணின் ஐடியை அப்லைன் தன் போன் எண்ணைக் கொடுத்துப் போட்டுவிட்டார், "ஓடிபி தொந்தரவு உனக்கு வேண்டாம்" என்று. எட்டு மாதம் அந்த ஐடியில் அந்த அப்லைனே ஆர்டர் போட்டுப் புள்ளி சேர்த்திருக்கிறார். கடவுச்சொல்லைக் கேட்டபோது உறவு முறிந்தது. எண்ணை மாற்ற ஆதார் நகலோடு மூன்று கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், ஸ்பான்சரிடமும்.

ஐடி வந்ததும் ஒப்பந்தத்தின் கையெழுத்துப் பிரதியையும் அடையாள அட்டையையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மறுயோசனைக் காலம் முடியும் தேதியைச் சுவர் காலண்டரில் வட்டமிடுங்கள்.

8. முதல் மூன்று மாதம்

முதல் ஆர்டர், நோட்டில் உள்ள இருபது பேரில் யார் வேண்டும் என்று சொன்னார்களோ அந்தப் பொருள் மட்டும். கையிருப்புச் சரக்கு வேண்டாம். "இந்த மாசம் முடிய நானூறு புள்ளிதான் குறையுது, எடுத்துப் போட்டுரு" என்று மாதக் கடைசி இரவில் போன் வரும். அந்த நானூறு புள்ளி யாருடைய படிக்குக் குறைகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் போன் செய்தவருடையது.

வீட்டுக்குப் போகும்போது அடையாள அட்டையை எடுத்துப் போங்கள், முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். விதியும் அப்படித்தான். போனதும் எந்த நிறுவனம், என்ன பொருள், விற்க வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும். "சும்மா பார்க்க வந்தேன்" என்று உட்கார்ந்து பத்து நிமிடம் கழித்துப் பையைத் திறப்பது வேண்டாம். அடுத்த முறை கதவு திறக்காது. அட்டை விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்காதீர்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் பில் கொடுங்கள்.

கடன் கொடுப்பதில் நம் மாவட்டத்துக்கென்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம், முட்டம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம். கன்னியாகுமரி சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ரப்பர் பால் வெட்டு மழை பிடித்தால் நின்றுவிடும். இந்த மாதங்களில் அந்தந்த ஊர்களில் கடனுக்குக் கொடுத்தால் வசூல் ஆவணிக்குத் தள்ளிப்போகும். வாங்கியவர் மேல் தப்பில்லை, கையில் காசு இருக்காது. அப்போது சின்ன பாக்கெட், ரொக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதேபோல மணப்பெண் பொருட்களைத் தவக்காலத்திலும் ஆடியிலும் வாங்கி அடுக்காதீர்கள்.

மூன்றாம் மாத முடிவில் நோட்டைத் திறந்து, இரண்டாவது முறையாகத் தாங்களே கேட்டு வாங்கியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஆறு பேர் இருந்தால் தொடரலாம் என்பது என் அனுபவக் கணக்கு. அதற்கு முன் யாரையும் உங்களுக்குக் கீழே சேர்க்காதீர்கள். உங்களுக்கே தெரியாததை அவருக்குச் சொல்லிக் கொடுக்க முடியாது.

9. நிறுவனம் மாறுவோருக்கு

நான் மாறியபோது வரிசையைத் தப்பாகச் செய்தேன். அதனால் மூன்று மாதக் கமிஷனும் ஒரு நல்ல தோழியும் போனார்கள். புது நிறுவனத்தில் ஐடி போட்டுவிட்டுத்தான் பழையதில் ராஜினாமா எழுதினேன். அதற்கு முந்தைய வாரமே குழு வாட்ஸ்அப்பில் "நான் மாறுகிறேன், வருகிறவர்கள் வரலாம்" என்று போட்டிருந்தேன். பழைய நிறுவனம் அந்தச் செய்தியின் படத்தைக் காட்டியே நிலுவைக் கமிஷனை நிறுத்திவிட்டது. ஒப்பந்தப்படி அவர்கள் செய்தது சரி. நான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்கவில்லை. நீங்கள் கீழ்க்கண்ட முறையில் செய்யுங்கள்.

முதலில் காரணத்தை எழுதுங்கள். பொருள் வாடிக்கையாளருக்குப் பிடிக்கவில்லை, விலை ஏறிவிட்டது, சரக்கு நேரத்துக்கு வருவதில்லை என்றால் மாறுவதில் அர்த்தம் இருக்கிறது. "அங்கே ப்ளான் நல்லாயிருக்கு", "ஆரம்பத்திலேயே போனா மேலே நிக்கலாம்" என்பது மட்டும் காரணம் என்றால் 5ஆம் படிக் கணக்கைப் புது நிறுவனத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பான்சரோடு மனஸ்தாபம் என்றால் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதிப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.

அடுத்தது சரக்கு. அலமாரியில் உள்ளதைப் பிரித்து வையுங்கள்: சீல் உடையாதது, காலாவதிக்கு நாள் இருப்பது ஒரு பக்கம், மற்றது ஒரு பக்கம். முதல் பக்கத்துக்குப் பில் தேடி, திருப்பி எடுக்கும் கெடு முடியும் முன் அனுப்புங்கள். ராஜினாமா கடிதம் போன பிறகு ஐடி மூடப்பட்டு, திருப்பி அனுப்பும் படிவத்தையே திறக்க முடியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் கடிதத்துக்கு முன் சரக்கு.

மூன்றாவது, வர வேண்டிய பணம். கமிஷன் அறிக்கை, வரிப் பிடித்தச் சான்று, ஆர்டர் பட்டியல் எல்லாவற்றையும் இறக்கி மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். ஐடி மூடினால் இவை எதுவும் தெரியாது. கடைசி மாதக் கமிஷன் கணக்கில் ஏறிய பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

நான்காவது, ராஜினாமா. மின்னஞ்சல் ஒன்று, அதே வாசகம் ஸ்பீடு போஸ்ட்டில் ஒன்று. ஐடி எண், பெயர், விலகும் தேதி, நிலுவைத் தொகை, எழுத்தில் ஒப்புதல் தேவை என்ற வரி. குறை எதுவும் அதில் எழுத வேண்டாம். புகார் இருந்தால் தனிக் கடிதம். ஒப்புதல் வரும்வரை புது ஐடி போடாதீர்கள்.

ஐந்தாவதுதான் மனது கேட்காத இடம்: குழு. உங்களை நம்பிச் சேர்ந்தவர்களை நடுவில் விட்டுப் போகிறோமே என்று இருக்கும். ஆனாலும் பழைய ஒப்பந்தம் தடுக்கும் காலம் முடியும்வரை அவர்களைப் புது நிறுவனத்துக்கு அழைக்கக் கூடாது. பணம் போவது ஒரு காரணம். அவர்களுக்கும் அங்கே நிலுவை இருக்கும், சரக்கு இருக்கும். நீங்கள் இழுத்தால் நான் செய்த தப்பை அவர்களும் செய்வார்கள். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து, நான் விலகுகிறேன், இனி உனக்கு உதவி வேண்டுமென்றால் இன்னாரைக் கேள் என்று சொல்லிவிட்டு வாருங்கள். என் தோழிக்கு நான் அதைச் செய்யவில்லை. வாட்ஸ்அப்பில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

வாடிக்கையாளர்கள் விஷயம் வேறு. உங்கள் நோட்டில் உள்ள இருபது, முப்பது பேர் உங்களிடம் வாங்குகிறவர்கள். ஒப்பந்தத்தில் வாடிக்கையாளர் பட்டியல் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புதுப் பொருளைக் காட்டலாம். ஆனால் நேற்றுவரை "இதுதான் நல்லது" என்று சொன்ன பொருளை இன்று குறை சொல்லாதீர்கள். அதே முகத்தில் அதைத்தான் இரண்டு வருடமாகப் பூசியிருக்கிறார்கள். "நான் இப்போது இதை விற்கிறேன், ஒன்று போட்டுப் பாருங்கள், பழையதே வேண்டுமென்றால் யாரிடம் கிடைக்கும் என்று சொல்கிறேன்" என்றால் போதும். என்னிடம் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான் தங்கினார்கள்.

ஒப்புதல் கடிதம் கையில் வந்ததா? இப்போது 1ஆம் படிக்குப் போய், புது நிறுவனத்துக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்யுங்கள். இரண்டாவது முறை என்பதால் பொருள் சோதனையைத் தாண்டிப் போகத் தோன்றும். தாண்டாதீர்கள்.

10. வரியும் எல்லையும்

கமிஷன் ஆண்டு வரம்பைத் தாண்டினால் வரி பிடித்துத்தான் தருவார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம்வரை போகும். பிடித்த வரி உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று வருமான வரித் தளத்தில் பாருங்கள்; மொத்த வருமானம் வரம்புக்குள் இருந்தால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கலாம். பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

நம் மாவட்டத்துக்காரர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஜிஎஸ்டி. நீங்கள் சரக்கை வாங்கிக் கேரளத்தில் பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ உள்ளவருக்கு உங்கள் பில்லில் விற்றால், அது வெளிமாநில விற்பனை. பொருள் விற்பனையில் மாநிலம் தாண்டினால் தொகை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். மார்த்தாண்டத்திலிருந்து பாறசாலைக்கு அரை மணி நேரம்தான், அத்தையும் மாமியும் அங்கேதான் இருக்கிறார்கள், இருந்தாலும் விதி அதுதான். அங்குள்ள வாடிக்கையாளர் நிறுவனத்தில் தன் பெயரிலேயே ஆர்டர் போட்டு நிறுவனத்தின் பில்லில் வாங்கும்படி செய்துகொடுங்கள்.

11. சிக்கல் வந்தால்

முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார். போனில் பேசினால் பதிவு இருக்காது. ஒரு மாதம் கழித்தும் தீரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். அதற்கும் மேலே நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்வரை மனுவுக்குக் கட்டணம் இல்லை. சொந்த உபயோகத்துக்கு வாங்கியவர் போவது எளிது. விற்பதற்காக வாங்கியவர் போனால், சுயதொழிலாக, பிழைப்புக்காகச் செய்கிறேன் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும். அதற்கு உங்கள் நோட்டும் பில் புத்தகமும் உதவும். ஆள் சேர்ப்புக்கே பணம் என்ற திட்டத்தில் ஏமாந்திருந்தால் காவல்துறைக்குத்தான் போக வேண்டும்.

புகாரோடு வைக்க வேண்டியவை: ஒப்பந்தப் பிரதி, பணம் அனுப்பிய வங்கி விவரம், பில்கள், சேரும்போது உங்களுக்கு வந்த வாட்ஸ்அப் செய்திகள். கோபத்தில் அந்த உரையாடலை அழித்துவிட்டு வந்தவர்கள்தான் அதிகம். போன் மாற்றும்போதும் அது போய்விடுகிறது. சேர்ந்த முதல் வாரத்திலேயே, உங்களுக்கு என்னென்ன வாக்குக் கொடுத்தார்களோ அந்தச் செய்திகளைத் தேதி தெரியும்படி படம் எடுத்து, பிரிண்ட் போட்டு, நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.